கூட யார் வந்திருக்கிறார்கள்?

ஏப்ரல் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நான், பெரியம்மா, பெரியப்பா மூன்று பேரும் சௌக்கியம். உன் குதிகால் வலி விட்டதா?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. இயற்பியல். விடுதியிலும் இடம் உண்டு. நேற்றுத் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் அவர் கையிலிருந்து உறையைப் பிடுங்கிவிட்டேன். பெரியப்பா பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டபடியே ஓடி வந்தார். பெரியம்மா அட்டைப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வந்ததும் சேதி கேட்டு அழுதார். ஏன் அழுகிறீர்கள் என்றால் விரலில் அட்டை கிழித்த இடம் எரிகிறது என்கிறார்.

எவ்வளவு பெரிய இடம் தெரியுமா? வளாகத்துக்கு உள்ளேயே பஸ் ஓடுகிறதாம். ஒரு வகுப்பில் இருநூறு பேராம். இங்கே ஒன்பது பேர் இருந்த வகுப்பிலேயே என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

உன் பல் டாக்டர் வீட்டுக் கணக்கில் நான் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத பெண்ணுக்கு இயற்பியலில் இடம் கிடைத்திருக்கிறது என்று அந்த வீட்டில் சொல்லிப் பாரேன். கோபித்துக்கொள்ளாதே, வேடிக்கைக்குத்தான். பிள்ளை குட்டி இல்லாதவளைத்தான் வீட்டோடு ஆயா வேலைக்கு வைத்துக்கொள்வோம் என்று அவர்கள் சொன்னதும், அப்பா போன புதிதில் வேறு வழி தெரியாமல் நீ தலையாட்டியதும், என்னை ஏழு வயதில் பெரியம்மாவிடம் விட்டுப் போனதும் எனக்குத் தெரியாததா?

ஆனால் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாய். "நீ காலேஜ்ல சேர்ற அன்னிக்கு நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாய். வருடத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் அதையே சொன்னாய். ஜூலை பதினெட்டு அந்த நாள். முதல் வருடம் சேருகிறவர்களோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் வரவேண்டுமாம். பெரியம்மாவுக்கு அந்த மாதம் லீவு கிடைக்காது, பெரியப்பாவுக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. ஆகவே நீதான். ஏதாவது பொய் சொல்லிவிட்டு வா. அதில் உனக்குப் பழக்கம் உண்டே.

எப்போதும்போலத் தையல்கார அக்கா கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

உன் மகள்

மே 2

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. குதிகால் வலி அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியேதான் இருக்கிறேன். பெரியம்மா விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போடச் சொல்.

உன் கடிதம் தையல் கடையில் இரண்டு வாரம் கிடந்திருக்கிறது. வெளியே போக எனக்கு இப்போதுதான் ஒழிந்தது. வீட்டம்மா ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாள், அந்தச் சாக்கில் ஓடி வந்தேன். மெஷினுக்குப் பின்னால் நின்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தையல்கார அக்கா பயந்துபோய், "என்ன, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். எங்கள் அக்கா மகளுக்குப் பெரிய படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

கண்ணு, விடுதியைப் பற்றி எல்லாம் விசாரித்து எழுது. மெத்தை அவர்களே தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா? அலமாரிக்குப் பூட்டு உண்டா? குளிக்க வெந்நீர் கிடைக்குமா? எந்தப் பக்கத்து அறையில் காற்று நன்றாக வரும்? நீ கெட்டிக்காரி, உனக்குத்தான் இதெல்லாம் விசாரிக்கத் தெரியும். சீக்கிரம் எழுது.

அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மற்றவை பிறகு.

அம்மா

மே 9

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லாரும் நலம். அங்கே பால் பொங்கி வழிந்ததா இல்லையா என்று நீ எழுதவேண்டும்.

நீ கேட்டதற்காக எங்கள் கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் அங்கேதான் படித்தாள். மெத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும், கட்டில் ஒடுக்கமாக இருக்கும். பூட்டும் நம்முடையது. வாளி இரண்டு வேண்டும், ஒன்று திருட்டுப் போவதற்கு. வெந்நீருக்கு மாடியில் ஒரு பாய்லர் இருக்கிறது, விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். பெண்கள் விடுதி எல்லாருக்கும் ஒரே கட்டடம்தான், மூன்று மாடி. தெற்குப் பக்கத்து அறைகளில் காற்று வரும். முதலில் போய் நிற்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் கொடுப்பார்களாம்.

நீ இவ்வளவு கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி நீ இவ்வளவு கேள்வி கேட்டதே இல்லை. பழைய சேலையில் இரண்டு போர்வை தைத்துவிட்டேன். பெரியப்பா கடையில் ஒரு தகரப் பெட்டிக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்.

தையல்கார அக்காவிடம்கூட நான் அக்கா மகள்தானா? சரி, போகட்டும். பதினெட்டாம் தேதி வருவாயா என்பதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

உன் மகள்

ஜூன் 1

என் கண்ணுக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். ஒரு ஜோடி ஷூ, ஒரு ஸ்வெட்டர், தலையணை உறை நான்கு. கொஞ்சம் போட்டவைதான், ஆனாலும் புதுசு மாதிரி. துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதியது எல்லாம் ரொம்ப உபயோகமாக இருந்தது. இன்னும் இரண்டு விஷயம் மட்டும். விடுதியில் துணி துவைத்துப் போட ஆள் கிடைக்குமா? காலையில் எழுப்பிவிட யாராவது உண்டா? சாப்பாடு பிடிக்காவிட்டால் வெளியிலிருந்து கொண்டுவந்து தர விடுவார்களா? மூன்று விஷயமாகிவிட்டது.

நாளைக்கு வீட்டில் விருந்தாள் வருகிறார்கள். கை ஒழியும்போது எழுதுகிறேன்.

அம்மா

ஜூன் 8

அம்மாவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. பார்சல் வந்தது. ஷூவுக்குள் பஞ்சு வைத்தால் போட்டுக்கொள்ளலாம். ஸ்வெட்டர் கழுத்தில் பெயர் தைத்திருந்த இடத்தை நீ நன்றாகத்தான் பிரித்திருக்கிறாய், ஊசி போன ஓட்டை மட்டும் தெரிகிறது.

நான் விடியுமுன் எழுந்து குழாயில் தண்ணீர் பிடிக்கிறவள். என்னை எழுப்ப ஆள் எதற்கு? எட்டு வயதிலிருந்து என் துணியை நான்தான் துவைக்கிறேன். போட்டதைத் தின்கிறவள், சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்? குளிக்க வெந்நீர் கேட்ட அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீ வளர்க்கிற அந்த டாக்டர் மகள், உங்கள் பாப்பா, அவளுக்கும் அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதுதானே? அவளுக்கும் என் வயதுதானே? நான் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்று விசாரித்து எழுதியதெல்லாம் அவளுக்கா?

ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். பூசி மெழுக வேண்டாம்.

மகள்

ஜூன் 24

என் கண்ணுக்கு,

ஆமாம்.

நீ கேட்டுவிட்டாய், நானும் சொல்லிவிட்டேன். இனி கோபப்படாமல் படி. உன் கடிதம் வந்த அதே வாரம்தான் இங்கேயும் சேதி வந்தது. வணிகவியலில் அவளுக்கு இடம். வீடே ஒரே கொண்டாட்டம். நான் சமையலறையில் நின்று உன்னை நினைத்துச் சிரித்தேன். "பாரு, ஆயாவுக்கு என்ன சந்தோஷம்" என்று டாக்டர் ஐயா சொன்னார். 

அந்தக் குழந்தைக்கு ஒரு கைக்குட்டை துவைக்கத் தெரியாது. ஏழு வயதிலிருந்து என் கையில் வளர்ந்தவள். கெட்டவள் இல்லை. தெரியாதவள். உனக்கு விசாரித்துக் கேட்கும்போதே அவளுக்கும் ஆயிற்று என்று நினைத்தேன். இதில் என்ன பாவம் இருக்கிறது சொல்லு.

இன்னொன்று. பதினெட்டாம் தேதி அவளைக் கொண்டுபோய் விட வீட்டோடு காரில் போகிறார்கள். என்னையும் கூட வரச் சொல்லிவிட்டார்கள், அறையை ஒழுங்குபடுத்திக் கொடுக்க. ஆக, சொன்ன நாளில் அம்மா அங்கே இருப்பேன். பொய் சொல்லி லீவு கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. எல்லாம் நல்லதுக்குத்தான்.

பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அம்மா

ஜூன் 30

அம்மாவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம்.

நீ அங்கே இருப்பாய் என்பது வேறு. என்னோடு வருவாய் என்பது வேறு. எனக்கு உன் உதவி எதுவும் வேண்டாம். மெத்தையை நானே தூக்கிக்கொள்வேன். விடுதி ஆபீஸில் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். அப்போது நீ என் பக்கத்தில் நின்று, நான் இவள் அம்மா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கப்புறம் நீ பாப்பாவின் கட்டிலைத் தட்டு, துணியை மடி, எனக்கு ஒன்றும் இல்லை.

மகள்

ஜூலை 10

என் தங்கத்துக்கு,

உடம்பெல்லாம் பரவாயில்லை. இதை எழுதுவதற்கு முன் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். இத்தனை வருடம் இவர்களிடம் எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், "ஆயா, உங்களுக்குன்னு யாரு இருக்கா, நீங்க இங்கயே இருங்க" என்று வீட்டம்மா சொல்லுவாள். நானும் இருந்துவிடுவேன். இப்போது திடீரென்று, அதே இடத்தில், அதே வரிசையில், அதே வயதில் ஒரு மகளைக் காட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? இவள் இன்னும் என்னென்ன மறைத்தாளோ என்று தோன்றாதா? அன்றைக்கே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் உன் மூன்று வருடப் படிப்புச் செலவு என்ன ஆகும்?

அதனால், கண்ணு, அங்கே என்னைப் பார்த்தால் கூப்பிடாதே. தெரியாதவள் மாதிரி இரு. அவர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து நானே உன்னைத் தேடி வருகிறேன். பெரிய இடம் என்று நீதானே எழுதினாய், யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு நாள் அம்மாவுக்காகப் பொறுத்துக்கொள்.

பதில் எழுது.

அம்மா

ஜூலை 27

அம்மாவுக்கு,

விடுதியிலிருந்து எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. நேரில் உன் முகத்தைப் பார்த்தால் நீ மாறிவிடுவாய் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் காலையிலேயே வந்துவிட்டேன். விடுதி ஆபீஸ் வாசலில் வரிசை. தெற்குப் பக்கத்து அறை எனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் உங்கள் கார் வரவில்லையே என்று எனக்குப் பின்னால் நின்றவர்களை எல்லாம் முன்னால் போக விட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். கார் வந்தது. நீ பின்கதவைத் திறந்து மெத்தையை எடுத்தாய், தலையணையை எடுத்தாய், இரண்டு வாளியையும் எடுத்தாய். பாப்பா ஒரு குடையை எடுத்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் வந்து நின்றீர்கள். நீ தலைக்குப் போடும் எண்ணெய் வாசனை வந்தது. திரும்பாமலே நின்றேன்.

மேஜையில் உட்கார்ந்திருந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டார். நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். இன்னொரு தடவை கேட்டார். "பெரியவங்க கையெழுத்து இல்லாம ரூம் குடுக்க முடியாது, ஓரமா நில்லும்மா" என்றார். அப்போதுதான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ மெத்தைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை எனக்கு எழுத மாட்டாய். டாக்டர் ஐயா முன்னால் வந்தார். "பாவம், தனியா வந்திருக்கு. நான் போடறேன்" என்று பேனாவை எடுத்தார். நல்ல மனிதர்தான். என் பாதுகாவலர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. நான் அவருக்கு நன்றி சொன்னேன். நீயும் அவரைப் பார்த்து, "புண்ணியமாப் போகும் ஐயா" என்றாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் நீ வரவில்லை. நான் மதியம் முழுக்க வாசல் மரத்தடியில் இருந்தேன். நீ மேலே அவள் அறையில் ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தாய். கீழேயிருந்தே தெரிந்தது.

என் அறை வடக்குப் பக்கம், காற்று கிடையாது. அவள் அதே மாடி, எதிர்ப் பக்கம். நான்காம் நாள் ஒரு டப்பா பிஸ்கட்டோடு என் அறைக்கே வந்துவிட்டாள். "எங்க அப்பா கையெழுத்துப் போட்டது உனக்குத்தானே? இந்தா, எங்க ஆயா செஞ்சது. பாவம், அவங்களுக்கு யாருமே இல்ல. நான்தான் அவங்களுக்குப் பொண்ணு மாதிரி" என்றாள். கள்ளங்கபடம் இல்லாமல் சொன்னாள். நானும் ஒன்று எடுத்துத் தின்றேன். நன்றாக இருந்தது அம்மா. நீ பிஸ்கட் செய்வாய் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மகள்

செப்டம்பர் 3

என் கண்ணுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வராமல் ஒரு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் எழுதவில்லை. எழுத எனக்கு முகம் இல்லை.  அன்றைக்கு மெத்தையைக் கீழே போட்டுவிட்டு உன்னிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 

ஆனால் இப்போது ஒரு நல்ல சேதி. சொல்லிவிட்டேன். போன வாரம் வீட்டம்மா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். என்னை மீறி வாயில் வந்துவிட்டது. "அம்மா, அன்னிக்கு ஐயா கையெழுத்துப் போட்டது நான் பெத்த பொண்ணுக்குத்தான்" என்றேன்.  அவள் கத்தவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "இதுக்கா இத்தனை வருஷம் பயந்தீங்க? நல்லதாப் போச்சு" என்றாள். ஐயாவும் கேட்டுவிட்டு, "நம்ம கையெழுத்துல படிக்கிற பொண்ணு, நம்ம பொண்ணுதான்" என்றார். எவ்வளவு பெரிய மனசு பார். வேலையும் போகவில்லை. மாதம் ஒருமுறை பாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் காரில் என்னையும் அனுப்புகிறார்களாம். உன்னையும் பார்த்துவிட்டு வரலாம்.

பாப்பாதான் அங்கே ரொம்பக் கஷ்டப்படுகிறாளாம். காலையில் எழுந்திருக்க முடியாமல் ஒரு பரீட்சையே போய்விட்டது. துணி மலையாகக் கிடக்கிறதாம். வீட்டம்மா என்னிடம், "உங்க பொண்ணு அதே மாடிதானே, இவளைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க. உங்க கை பட்ட மாதிரி இருக்கும்" என்றாள். நான் என்ன சொல்ல முடியும், சரி என்றேன். உனக்கு எப்படியும் விடியுமுன் விழிப்பு வந்துவிடும். எழுந்ததும் அவளையும் ஒரு குரல் கொடுத்து எழுப்பிவிடு. உன் துணியோடு அவளுடையது இரண்டை அலசிப்போடு. வேலை என்று நினைக்காதே, அக்கா தங்கை மாதிரி நினைத்துக்கொள்.

எல்லாம் ஒரு வழியாக நேராகிவிட்டது கண்ணு. இனி நீ நேராக வீட்டு விலாசத்துக்கே எழுதலாம்.

அம்மா

செப்டம்பர் 12

அம்மாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். குதிகாலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இதைத் தையல் கடை விலாசத்துக்கேதான் அனுப்புகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவள் துணி மூட்டையோடு வந்துவிட்டாள். "நீ ஆயா பொண்ணாமே, எங்கிட்ட சொல்லவே இல்ல" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். உண்மையாகவே சந்தோஷம் அவளுக்கு. மூட்டையை என் கட்டிலில் வைத்துவிட்டு, எதை வெந்நீரில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது இந்த மாடியில் என்னை எல்லாரும் ஆயா பொண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்த முதல் மாதத்தில் நான் இயற்பியல் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

நான் உன்னிடம் கேட்டது, நான் இவள் அம்மா என்று சொல்லச் சொல்லி. நீ சொன்னது உங்கள் வேலைக்காரிக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று. இரண்டும் ஒன்று என்று நீ நினைக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துணியைத் துவைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் நீ கேட்டதற்காக ஒரே ஒரு நாள் அவளை எழுப்பினேன். கதவு திறந்தே இருந்தது. தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு, "ஆயா, இன்னும் அஞ்சே நிமிஷம்" என்றாள். நான் கையை இழுக்காமல் நின்றேன். இத்தனை வருடம் தினமும் காலையில் உன்னிடம் இப்படித்தானே கொஞ்சியிருப்பாள்? எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பொறாமையாக இருந்தது. வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அழுதால் எழுந்துவிடுவாளே என்று வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கே வார்டன் அம்மாவிடம் போய் வேறு மாடிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன், முழுவதும் சொன்னேன். மாற்றிக் கொடுத்துவிட்டார். பாதுகாவலர் கையெழுத்தையும் அடித்துவிட்டுப் பெரியப்பாவிடம் தபாலில் புதிதாக வாங்கிக்கொள்கிறார்கள். புது அறை எண்ணை உனக்கு எழுதப்போவதில்லை. எழுதினால் நீ அந்த வீட்டில் சொல்லிவிடுவாய். கேட்டால் சரி என்பதைத் தவிர உனக்கு வேறு பதில் தெரியாது.

சாப்பாட்டுக் காரில் வராதே. வந்தால் நான் கீழே இறங்க மாட்டேன். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் பஸ் ஏறி வா. அறை எண் தெரியாமல் எப்படிப் பார்ப்பது என்று நினைக்காதே. வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். யாரைப் பார்க்க வேண்டும், அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள். நீ வாயைத் திறந்து சொன்னால்தான் மேலே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் போவதில்லை, அறையில்தான் இருப்பேன்.

உன் மகள்